கம்பளி, குடும்பம், கோடை விழா: நீலகிரியில் வீட்டிலிருந்தே பின்னி விற்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நீலகிரியில் கம்பளிச் சாமான் நன்றாக விற்கும் மாதமும், வீட்டில் ஆள் நிரம்பி வழியும் மாதமும் ஒன்றேதான்: மே. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பார்க்கில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று மலை முழுக்கக் கூட்டம். பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வெயிலில் வாடும் அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நம் வீட்டு முகவரி ஞாபகம் வருவதும் அப்போதுதான். அந்த மாதத்தில் உட்கார்ந்து பின்னி, அந்த மாதமே விற்கலாம் என்று யாராவது திட்டம் போட்டால் சொல்லுங்கள், நான் ஒரு கும்பிடு போடுகிறேன்.

இரண்டு ஊசியால் பின்னும் நிட்டிங், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. கை நன்றாக ஓடும், டிசைனும் வரும், ஆனால் ஸ்டாலில் வைக்கச் சரக்கு சேராது. சேர்ந்தாலும் விற்ற பணத்தை எண்ணிப் பார்த்தால் நூல் காசுதான் மிச்சம். இரண்டுக்கும் காரணம் நேரத்தைக் கணக்கில் எடுக்காததுதான் என்பது என் கட்சி. ஆகவே இந்த வழிகாட்டி நூலிலிருந்து தொடங்கவில்லை, காலண்டரிலிருந்து தொடங்குகிறது.

படி 1: விழாத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டர் போதும். முதலில் விற்கும் நாட்களைக் குறியுங்கள். ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன். கூட்டம் குறைவு, ஆனால் வருகிறவர்கள் நிதானமாகப் பார்த்து வாங்குவார்கள். டிசம்பரில் சர்ச், பள்ளி வளாகங்களில் நடக்கும் கிறிஸ்துமஸ் விற்பனைகள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தச் சின்ன விற்பனைகளில் தொடங்குவதே நல்லது. வாடகை குறைவு, வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள், தப்பு நடந்தாலும் தாங்கும்.

அடுத்து, பின்ன முடியாத நாட்களை அடியுங்கள். பொங்கல், உங்கள் ஊர்த் திருவிழா, மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் அந்த வாரங்கள், வரிசையாக வரும் கல்யாணங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் உற்பத்திக் காலம். மே விழாவுக்கு ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. இரண்டாம் சீசனுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. வெளியே மழை கொட்டும், வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள், பின்னுவதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

இப்போது மணிக்கணக்கு. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி நடுவிலிருந்து 13 வாரத்துக்குச் சுமார் 97 மணி நேரம் வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் காய்ச்சல், விருந்தாளி, கரண்ட் கட் என்று இப்போதே கழித்துவிடுங்கள். சுமார் 78 மணி நேரம். பெரியவர்களுக்கான ஒரு குல்லாவுக்கு 5 மணி நேரம் ஆகிறது என்றால், மூன்று மாத உழைப்பில் 15 குல்லா. அவ்வளவுதான்! முதல் தடவை கணக்குப் போடும்போது இந்த எண் வயிற்றைக் கலக்கும். ஆனால் பிப்ரவரியில் கலங்குவது மே மாதத்தில் கலங்குவதைவிட எவ்வளவோ மேல்.

படி 2: உங்கள் கை வேகத்தை அளந்து எழுதுங்கள்

நீங்கள் விற்க நினைக்கும் ஒவ்வொரு பொருளிலும் ஒன்றைப் போனில் நேரம் பார்த்துப் பின்னுங்கள். பின்னும் நேரம் மட்டும் போதாது. நூல் முனைகளை உள்ளே செருகுவது, பட்டன் தைப்பது, அலசி விரித்துக் காய வைப்பது, லேபிள் கட்டுவது எல்லாம் சேரும். குழந்தை ஸ்வெட்டரில் இந்தக் கடைசி வேலைகளே ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்னும்.

கூடவே ஸ்டிச் அளவும் எடுத்து வையுங்கள். விற்பனைக்குப் பின்னும்போது இதைத் தவிர்க்க முடியாது. 15 செ.மீ. சதுரம் ஒன்று ஸ்டாக்கிங் ஸ்டிச்சில் (ஒரு வரிசை நேர், ஒரு வரிசை புரட்டு) போட்டு, அலசி, காய்ந்த பிறகு, நடுவில் 10 செ.மீ. அளந்து எத்தனை ஸ்டிச் இருக்கிறது என்று எண்ணுங்கள். 20 ஸ்டிச் வந்தால் ஒரு செ.மீ.க்கு 2. பெரியவர்கள் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 56 செ.மீ.; குல்லா பிடித்து நிற்க வேண்டும் என்பதால் 50 செ.மீ.க்குப் பின்னலாம். அதாவது 100 ஸ்டிச். இரண்டு நேர், இரண்டு புரட்டு என்று இழுபடும் ஓரம் (ரிப்) போடவும் நாலால் வகுபடும். பிறந்த குழந்தையின் தலை சுமார் 35 செ.மீ., ஆறு மாதக் குழந்தைக்குச் சுமார் 43 செ.மீ. இந்த அளவுகளை ஒரு நோட்டில் நூல் பெயர், ஊசி நம்பரோடு எழுதி வைத்தால் அடுத்த வருஷம் மறுபடி எண்ண வேண்டாம்.

ஊசி நம்பர் பற்றி ஒரு வார்த்தை. நம் அம்மா, அத்தைமார் சொல்வது பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். 10 நம்பர் என்றால் 3.25 மி.மீ., 8 நம்பர் 4 மி.மீ., 4 நம்பர் 6 மி.மீ. அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர் எதிர், நம்பர் கூடினால் ஊசி தடிக்கும். யூடியூப் பார்த்துப் பின்னும் பெண்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். மி.மீ.யை மட்டும் பாருங்கள், தலைவலி தீரும். ஊசி வாங்க வெளிநாட்டுப் பெயர்களைத் தேடி அலையவும் வேண்டாம். ஊசிக்குப் பெயர்போன போனி பிராண்ட் நம் கேத்தி பள்ளத்தாக்குக்காரர்களுடையது. அதைச் செய்யும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் 1949இல் தொடங்கிய கம்பெனி.

படி 3: எதைப் பின்னுவது, எதை விடுவது

மலைக்கு வருகிறவர் இரண்டு வகை. ஒருவர் ஸ்வெட்டர் எடுத்து வராமல் சாயங்காலம் ஆறு மணிக்கு நடுங்குகிறவர். அவருக்கு அப்போதே குல்லாவோ மஃப்ளரோ வேண்டும், குழந்தைக்கு சாக்ஸ் வேண்டும். ஆனால் அவர் விலை பார்ப்பார், ஏனென்றால் ஊட்டியில் திபெத்தியன் மார்க்கெட் இருக்கிறது, மிஷின் குல்லா கொட்டிக் கிடக்கிறது. அவரைக் குறி வைத்துச் சரக்கு செய்தால் தோற்போம்.

இன்னொருவர் ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது தேடுகிறவர். சென்னையில் அவருக்குக் கம்பளி ஸ்வெட்டர் எதற்கு? பருத்தி நூலில் பின்னிய சின்னப் பை, மொபைல் உறை, சாவிக் கொத்துப் பொம்மை, டீப்பாத்திர உறை, பூ வைத்த ஹேர் கிளிப், பேத்திக்கு ஒரு செட் பூட்டீஸும் (பின்னல் காலுறை) தொப்பியும். நம் வியாபாரம் இவரோடுதான். ஸ்டாலில் பாதிக்கு மேல் இவருக்கான சரக்கு இருக்கட்டும்.

மேலே சொன்ன 78 மணி நேரத்தைப் பிரித்துப் பார்ப்போம். இரட்டை நிறக் குல்லா 6, ஒன்றுக்கு 5 மணி வீதம் 30 மணி. குழந்தை செட் 4, ஒன்றுக்கு 6 மணி வீதம் 24. சின்னச் சாமான்கள் 20, ஒன்றுக்கு ஒரு மணி வீதம் 20. ஆக 74 மணி நேரத்தில் 30 உருப்படி. மேசை நிறைந்து தெரியும், விலையிலும் 100 ரூபாயிலிருந்து மேலே வரை எல்லாப் பைக்கும் ஏதோ ஒன்று இருக்கும். 15 குல்லா மட்டும் அடுக்கி வைத்த மேசையை நினைத்துப் பாருங்கள்.

விட வேண்டியவற்றில் முதலிடம் பள்ளி யூனிஃபார்ம் ஸ்வெட்டருக்கு. ஜூனில் பள்ளி திறக்கும்போது தெரிந்தவர்கள் கேட்பார்கள். மெரூனில் பத்து மெரூன் இருக்கிறது. பள்ளி சொல்லும் மெரூனை நூல் கடையில் பிடிக்க முடியாது. மிஷின் விலைக்கு மேல் ஒரு ரூபாய் தர மாட்டார்கள். "எங்க பையனுக்கு மட்டும்" என்று கேட்டாலும் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

இரண்டாவது, தோடர் பூத்தையலைப் போன்ற வேலை. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் இழை எண்ணிப் போடும் அந்த வேலைப்பாடு நீலகிரிப் பழங்குடிகளான தோடப் பெண்களுடையது. அவர்களின் பூத்துக்குளிப் போர்வையில் இருப்பது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதே கோலத்தை நம் மஃப்ளரில் இறக்கி, "தோடா டிசைன்" என்று அட்டை எழுதி விற்பது சட்டப்படியும் வம்பு, அக்கம்பக்கத்து நியாயப்படியும் அழகில்லை. வாங்க வருகிறவர் கேட்டால், தோடர்களிடமே வாங்கும் இடத்தைச் சொல்லி அனுப்புங்கள். அவரே திரும்பி வந்து நம்மிடம் ஒரு பை வாங்கிப் போவார்.

படி 4: நூல் வாங்குவது

கடையில் "உல்லன்" என்று தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக். அதில் குறை ஒன்றுமில்லை. சீக்கிரம் காயும், அந்துப்பூச்சி தொடாது, குழந்தைத் துணிக்குத் தினமும் துவைக்கத் தோதானது. ஆனால் அக்ரிலிக்கை அக்ரிலிக் என்றே எழுதி விற்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு சின்ன இழையை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். நிஜக் கம்பளி முடி கருகும் வாசனையோடு எரிந்து, நெருப்பை எடுத்ததும் அணையும். சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும்.

ஒரு பொருளுக்குத் தேவையான நூலை ஒரே தடவையில் வாங்குங்கள், லேபிளில் உள்ள சாய லாட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து. லாட் மாறினால் நிறம் மாறும். கடையின் டியூப்லைட்டில் தெரியாது, ஸ்டாலில் பகல் வெளிச்சத்தில் பல்லை இளிக்கும். குத்துமதிப்பாகப் பெரியவர் குல்லாவுக்கு 60 முதல் 80 கிராம், மஃப்ளருக்கு 150 முதல் 200 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்தே கணக்கு வையுங்கள். ஒரு விஷயம்: நிஜக் கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரியே இருக்காது. மழை நாளில் நிறுத்த நூல் வெயில் நாளில் குறையும். மிச்ச நூலை நிறுத்து, இது இன்னொரு குல்லாவுக்குப் போதும் என்று முடிவு கட்டுவதை வெயில் நாளில் செய்யுங்கள்.

உள்ளூர்க் கம்பளி பற்றி ஆசையாகக் கேட்பவர்கள் உண்டு. நீலகிரி ஆடு என்று தனி இனமே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு டாஸ்மேனியன் மெரினோ போன்ற வெளிநாட்டு இனங்களைக் கலந்து உருவானது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் அதைப் பேணி வருகிறது. பழனி மலைப் பக்கம் கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூரில் மத்திய ஆட்டு ஆராய்ச்சி நிலையம், பாரத் மெரினோ ஆடுகளோடு. ஆனால் வெட்டிய ரோமத்தைக் கழுவி, சிக்கெடுத்து, நூற்று, பிறகு பின்னுவது என்பது தனி வாழ்க்கை. குடும்பத்தையும் ஸ்டாலையும் வைத்துக்கொண்டு அதிலும் இறங்காதீர்கள். நூலாகக் கிடைத்தால் ஒன்றிரண்டு குல்லாவுக்கு வாங்குங்கள், போதும்.

சாயம் போட ஆசை இருந்தால் அது கொஞ்சம் சுலபம். வெங்காயத் தோல், டீத்தூள், தைல மரத்து இலை மூன்றும் இங்கே காசில்லாமல் கிடைக்கும். கம்பளியின் எடையில் 10 சதவீதம் படிகாரம் கரைத்த வெந்நீரில் முதலில் ஊற வைத்தால் வெங்காயத் தோல் நிறம் நன்றாகப் பிடிக்கும். அக்ரிலிக்கில் இவை எதுவும் ஏறாது. மஞ்சள் தூள் பளிச்சென்று வரும், வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். விற்கும் பொருளுக்கு வேண்டாம்.

படி 5: வீட்டில் நேரம் பிடிப்பது

இதுதான் கடினமான படி. பின்னிக்கொண்டிருப்பவள் சும்மா இருப்பவள் என்று வீடு முழுக்க ஒரு நம்பிக்கை உண்டு. அடுப்பு முன்னால் நிற்கும்போது கூப்பிடத் தயங்குகிறவர்கள்கூட, ஊசியோடு உட்கார்ந்தால் உடனே "அந்தச் சார்ஜர் எங்கே இருக்கு?" என்பார்கள். இதை யாரையும் கோபித்துத் தீர்க்க முடியாது, வேலையை இரண்டாகப் பிரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

இரண்டு துணிப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பேச்சுப்பை. அதில் எல்லா வரிசையும் நேராகவே போடும் கார்ட்டர் ஸ்டிச் மஃப்ளர், குரோஷா சதுரங்கள், கண் பார்க்காமலே கை போகிற வேலை. பிள்ளைக்குப் பாடம் சொல்லும்போது, அத்தையோடு சீரியல் பார்க்கும்போது, பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில் இந்தப் பை. இன்னொன்று எண்ணிக்கைப்பை. இரட்டை நிறம், கயிறு முறுக்கியது போல வரும் கேபிள், கழுத்து வளைவு, பொம்மையின் முகம். இது வீடு தூங்கும் நேரத்துக்கு மட்டும். அதிகாலை ஐந்து மணிக் குளிரில் எழ முடிந்தால் அப்போது, இல்லையேல் இரவு ஒன்பதுக்கு மேல். எண்ணிக்கைப் பையைப் பகலில் திறந்தால் பாதி நேரம் பிரித்துப் பின்னுவதிலேயே போகும்.

அப்புறம் ஒரு சட்டம்: "இந்த வரிசை முடியட்டும்." யார் கூப்பிட்டாலும் இதுதான் பதில். ஒரு வரிசை முடிய இரண்டு நிமிஷம் ஆகாது. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில் பாதிப் பேர் தாங்களே சார்ஜரைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அடுப்பில் பால் பொங்கினால் மட்டும் விதிவிலக்கு.

ஆளுக்கொரு வேலை கொடுங்கள், ஆனால் அவர்களுக்குப் பிடித்ததாக. எட்டு வயதுப் பிள்ளைக்கு நூல்கண்டை உருண்டையாகச் சுற்றப் பிடிக்கும். பன்னிரண்டு வயதுக்கு விலை அட்டை எழுத, ஸ்டாம்ப் குத்த. பெரிய பிள்ளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடட்டும். வீட்டில் அத்தையோ அம்மாவோ இருந்தால் கடைசி வேலைகளை அவர்களிடம் விடுங்கள். முனை செருகுவதிலும் பட்டன் தைப்பதிலும் அந்தத் தலைமுறையின் கை சுத்தம் நமக்கு வராது. அதற்குக் காசும் கொடுங்கள். "வீட்டுக்குள்ள என்ன காசு" என்பார்கள். சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு வாருங்கள், எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரருக்கு? விழா நாளன்று சமையலும், மேசை தூக்குவதும். இதை ஏப்ரலிலேயே பேசி முடியுங்கள், விழா அன்று காலையில் பேசுவது வீண்.

மே மாத விருந்தாளிகளைத் தடுக்க முடியாது. தேதியை மட்டும் நாம் முந்திக்கொண்டு சொல்லலாம். "14ஆம் தேதிக்கு அப்புறம் வாங்க, நிம்மதியா பேசலாம்" என்று மார்ச்சிலேயே போன் போட்டுவிட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. காரில் வருகிறவர்களுக்கு இ-பாஸையும் ஞாபகப்படுத்துங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது வேண்டும்.

உடம்பையும் பார்க்க வேண்டும். 40 நிமிஷத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து மணிக்கட்டை நீட்டி மடக்குங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் வீட்டுக்குள் வெளிச்சம் செத்துவிடும்; கறுப்பு, நீல நூல்களைக் காலை வேளைக்கு ஒதுக்குங்கள்.

படி 6: விலை போடுவது

பெரும்பாலானவர்கள் நூல் விலையை இரட்டிப்பாக்கி நிறுத்திவிடுகிறார்கள். இதில் குல்லா பின்னுகிறவர் நஷ்டப்படுவார், கீசெயின் பின்னுகிறவர் இன்னும் நஷ்டப்படுவார்.

மூன்று பகுதி வேண்டும்: பொருள் செலவு, உங்கள் கூலி, ஸ்டால் செலவில் பங்கு. கூலியை மணிக்கு இவ்வளவு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இங்கே 50 ரூபாய் என்று வைப்போம். ஸ்டால் வாடகை 1,500, பஸ், டீ, சாப்பாடு 500, ஆக 2,000 ரூபாய். இதை 30 உருப்படிக்குச் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 67 ரூபாய். சாவிக்கொத்து அதைத் தாங்காது. மணிக்கணக்கில் பிரியுங்கள். 74 மணி நேரத்துக்கு 2,000 என்றால் மணிக்கு 27.

குல்லாவுக்கு நூல், லேபிள், காகிதப் பை சேர்த்து 110, கூலி 250, ஸ்டால் பங்கு 135. மொத்தம் 495. சாவிக்கொத்துக்குப் பொருள் 20, கூலி 50, பங்கு 27. மொத்தம் 97, நூறாக வையுங்கள். குழந்தை செட்டுக்குப் பொருள் 170, கூலி 300, பங்கு 162. 632, அதை 650 ஆக்கலாம்.

495 ரூபாய்க் குல்லாவைப் பார்த்து, "மார்க்கெட்ல 150க்குக் கிடைக்குமே" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். கிடைக்கும்தான். அதற்குக் கோபமோ விளக்கவுரையோ வேண்டாம், "ஆமாங்க, அது மிஷின்ல போட்டது, இது கையில போட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். 495க்கு ஆள் வரவில்லை என்று தோன்றினால் கூலியைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். தடித்த நூலில் 6 மி.மீ. ஊசியால் போட்டால் குல்லா இரண்டு மணி நேரத்தில் முடியும். நூல் கொஞ்சம் கூடுதலாகி 134, கூலி 100, பங்கு 54. 290 ரூபாய்க்குத் தரலாம். உங்கள் மணிக்கு 50 அப்படியே இருக்கும்.

படி 7: ஈரம், பூஞ்சை, அந்து

பின்னி முடித்ததை வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புத் திரவம் போட்டு அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, படுக்கையாக விரித்துக் காய வையுங்கள். தொங்கவிட்டால் நீளும். கம்பளியைக் கொதிநீரில் போட்டுக் கசக்கினால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சுருங்கிவிடும், திரும்ப வராது. அக்ரிலிக்குக்கு எதிரி இஸ்திரிப் பெட்டி. சூடு பட்டால் தொளதொளத்துப் பளபளக்கும்.

மழைக் காலத்தில் கம்பளி காய மூன்று நாள்கூட ஆகும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை, கூடலூர் பக்கம் ஜூனிலிருந்தே. விழாவுக்கு முந்தைய வாரம் அலசும் வேலை எதையும் வைக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு மூட்டிக் காய வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் நச்சு வாயு கண்ணுக்குத் தெரியாமல் உயிரை எடுக்கும்.

சரக்கை பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்திப் புடவையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்து, வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போடுங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் உதறி வெயில் காட்டுவது அதைவிட முக்கியம். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு, அதற்கு இருட்டும் அமைதியும் வேண்டும்.

படி 8: காகித வேலை

சுருக்கமாக. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஆதார் வைத்து அரசு இணையதளத்தில் இலவசம். காசு கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள், அரசுக் கண்காட்சி ஸ்டால்கள் குழுக்கள் வழியாகக் கிடைப்பதுண்டு. மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. நம் கவலை அதற்கு ரொம்பக் கீழே.

பொம்மை பின்னுகிறவர்கள் மட்டும் கவனியுங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைகளுக்குத் தரச் சான்று கட்டாயம் என்று 2021 ஜனவரி முதல் விதி இருக்கிறது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து வைப்பது நல்லது. விதி எப்படியும் இருக்கட்டும், கைக்குழந்தைக்கான பொம்மையில் மணிக் கண்ணோ பட்டன் கண்ணோ வேண்டாம். நூலாலேயே கண் தையுங்கள்.

படி 9: விழா நாள்

முதல் நாள் இரவே மூட்டை கட்டி வாசலருகே வைத்துவிடுங்கள். குன்னூரிலிருந்து ஊட்டி 20 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் மே மாத ஞாயிற்றுக்கிழமையில் அதை நம்பாதீர்கள். சீசனில் ஒருவழிப்பாதை மாற்றங்கள் வேறு. ஏழு மணிக்குள் கிளம்பினால்தான் பத்துக்குக் கடை.

கொண்டுபோக வேண்டியவற்றில் பலர் மறப்பது கண்ணாடி. குல்லாவைத் தலையில் போட்டுத் தன்னைப் பார்த்தவர் பாதி வாங்கிவிட்டார். கூடவே கத்தரி, தையல் ஊசி, அளவு டேப், சில்லறையாக 10, 20, 50 ரூபாய்த் தாள்கள், பில் புக், மதியத்துக்கு மேல் வரும் கோடை மழைக்குத் தார்ப்பாய், கட்டக் கயிறு. கூட்டம் சேர்ந்தால் போன் சிக்னல் படுத்துவிடும், ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும்; ரொக்கமாகத் தருகிறவருக்குச் சில்லறை தர நம்மிடம் இருக்க வேண்டும். பணம் வந்த செய்தியைப் பார்க்காமல் பொருளைக் கொடுக்காதீர்கள்.

காகிதப் பை, துணிப்பை மட்டுமே. நீலகிரியில் பிளாஸ்டிக் தடை, மாநிலம் முழுக்க 2019 ஜனவரியில் தடை வருவதற்குப் பல வருஷம் முன்பே வந்தது. சோதனையும் கடுமை, அபராதமும் உண்டு. நமக்குக் குடிக்கத் தண்ணீரும் எவர்சில்வர் பாட்டிலில்.

மேசையில் எல்லாவற்றையும் படுக்க வைத்தால் தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது. பின்னால் ஒரு கயிறு கட்டி மஃப்ளரும் குல்லாவும் தொங்கட்டும். பழப் பெட்டிகளைக் கவிழ்த்துத் துணி போட்டு உயரம் கொடுங்கள். குழந்தைகளின் கண் மட்டத்தில் சாவிக்கொத்துப் பொம்மைகள். விலை அட்டை ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். விலை கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்துவிடுகிறவர்கள் நிறைய.

பேச்சுப்பையை மறக்காதீர்கள். ஸ்டாலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருந்தால் ஆட்கள் நிற்பார்கள், பாட்டிமார் ஊசியை வாங்கி இரண்டு வரிசை போட்டே காட்டுவார்கள். பேரம் பேசினால் விலையை இறக்காமல் சேர்த்துக் கொடுங்கள்: இரண்டு குல்லா எடுத்தால் ஒரு கிளிப். மாலை நாலரைக்கு மேல் குளிர் இறங்கும்போது குல்லா, மஃப்ளரை முன்னால் நகர்த்துங்கள். காலையில் சின்னச் சாமான், மாலையில் கம்பளி.

படி 10: விழா முடிந்த பிறகு

அன்றிரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும் எது எத்தனை விற்றது, எந்த நேரத்தில், எந்த நிறம் கேட்டு இல்லாமல் போனது என்று நோட்டில் எழுதிவிட்டுப் படுங்கள். காலையில் பாதி மறந்துபோகும். விற்பனைப் பணம் வீட்டுச் செலவோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் போகட்டும். முதலில் அடுத்த சீசனுக்கான நூல் காசு, பிறகு அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் சொன்னது, மீதிதான் கையில்.

ஆர்டர் கொடுத்துப் போகிறவர்களிடம் பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். அளவு, நிறம், தேதி எழுதி போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். தேதியைப் படி 1இல் எண்ணிய மணிக்கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

விற்காமல் நின்றதைக் கடைசி மணி நேரத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிடத் தோன்றும். கம்பளி கெட்டுப்போகிற சரக்கா என்ன? இரண்டாம் சீசனுக்கு வையுங்கள், அல்லது விற்றபின் பணம் தரும் கைவினைக் கடைகளில் கொடுங்கள். கொடுக்கும்போது மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: அவர்களுக்கு எத்தனை சதவீதம், எந்தத் தேதிக்குள் பணம் வரும், விற்காததை எப்போது திருப்பித் தருவார்கள். ஜூன் மழைக்கு முன்னால் ஒருமுறை போய்ப் பாருங்கள். அவர்கள் அலமாரியில் ஈரம் ஏறியிருந்தால் மறுபேச்சில்லாமல் எடுத்து வந்துவிடுங்கள்.